வளர்ந்த பிறகு ஏடிஎச்டி: சந்தேகம் முதல் சிகிச்சை வரை

இதை ஒரே மூச்சில் படித்து முடித்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் சந்தேகம் சரியாக இருந்தால், மூன்றாவது பத்தியிலேயே கை கைபேசிப் பக்கம் போயிருக்கும். பரவாயில்லை. படிகளுக்கு எண் போட்டிருக்கிறேன்; விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எனக்கு 36 வயதில்தான் ஏடிஎச்டி இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. சந்தேகம் வந்த நாளுக்கும் மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்த நாளுக்கும் இடையில் இரண்டு வருடம் ஓடிவிட்டது. மருத்துவர் கிடைக்காமல் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டு நேரம் வாங்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், வாங்கிய நேரத்தை மறக்காமல் போக வேண்டும். எனக்கு எதெல்லாம் வராதோ அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால்தான் அந்த வராமைக்கு வைத்தியம் கிடைக்கும் என்ற நிலை. நீச்சல் பள்ளி அக்கரையில் இருக்கிறது, நீந்தி வந்து சேர்ந்துகொள் என்பது போல. ஆகவே என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லாமல், எந்தெந்த இடத்தில் நாம் வழுக்குவோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன அறிமுகம்

ஏடிஎச்டி (ADHD) என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு என்று தமிழில் சொல்கிறார்கள். ஆனால் இது உள்ளவரிடம் கவனம் குறைவாக இருப்பதாகச் சொல்ல முடியாது. பிடித்த விஷயம் ஒன்று சிக்கிவிட்டால் பசி தூக்கம் மறந்து ஏழு மணி நேரம் அதிலேயே கிடப்பார். பத்து நிமிட வேலையான ஒரு படிவத்தை மூன்று வாரம் தொடமாட்டார். கவனத்தை வேண்டிய நேரத்தில் வேண்டிய பக்கம் திருப்புவது, திருப்பியதை அங்கேயே நிறுத்துவது, போதும் என்றதும் விடுவிப்பது, இந்த மூன்றும்தான் தகராறு. என்ன செய்ய வேண்டும் என்பது நன்றாகவே தெரிந்திருக்கும். தெரிந்ததைத் தொடங்க முடியாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சோம்பேறித்தனம் போலத்தான் தெரியும். அந்த ஆளுக்கே பல வருடம் அப்படித்தான் தெரிகிறது.

திட்டமிடுவது, சொன்னதைச் சிறிது நேரம் மனத்தில் ஏந்திக்கொள்வது, உந்துதலை அடக்குவது, நேரம் போவதை உணர்வது ஆகிய வேலைகளைச் செய்யும் மூளை அமைப்புகள் சற்று வேறு விதமாக வளர்ந்திருப்பதுதான் அடிப்படை. டோபமின், நார்எபிநெஃப்ரின் என்ற இரண்டு வேதிப்பொருள்களுக்கு இதில் பெரிய பங்கு. பரம்பரையின் பங்கும் அதிகம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் 70 முதல் 80 சதவீதம் வரை என்று காட்டுகின்றன. பெரியவர்களில் 100 பேருக்கு இரண்டு மூன்று பேரிடம் இது இருக்கும் என்பது பொதுவான கணக்கு. வளர்ப்பு சரியில்லாததால் வருவதில்லை. கைபேசியாலும் வருவதில்லை, ஆனால் ஏற்கெனவே இருப்பவரைக் கைபேசி பாடாய்ப்படுத்தும்.

நேற்று முளைத்த விஷயமும் இல்லை. 1798-லேயே அலெக்ஸாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கவனம் நிலைக்காத மனத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 1902-ல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி லண்டனில் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அதற்குப் பிறகு வெகுகாலம் இது குழந்தைகள் சமாச்சாரம், வளர்ந்தால் தானாகப் போய்விடும் என்றே நினைத்தார்கள். ஓட்டமும் குதியாட்டமும் வயதோடு குறைவது உண்மைதான். அந்த ஓட்டம் வெளியிலிருந்து உள்ளே போய்விடுகிறது: கூட்டத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பார், மண்டைக்குள் நான்கு வானொலிகள் ஒன்றாகப் பாடிக்கொண்டிருக்கும்.

படி 1: உங்கள் வாழ்க்கையை மூன்று கேள்விகளால் அளந்து பாருங்கள்

அறிகுறிகளைப் படிக்கும்போது எல்லாமே நமக்குப் பொருந்துவது போல இருக்கும். சாவியைத் தேடாதவர் யார்? எதையும் தள்ளிப்போடாதவர் யார்? "இதெல்லாம் எல்லாருக்கும் இருப்பதுதானே" என்று வீட்டில் சொல்லும்போது பதில் சொல்ல முடியாமல் திணறுவோம். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் எல்லாருக்கும் இருப்பதுதான். அதனால் அறிகுறியை எண்ணுவதற்கு முன்னால் மூன்று கேள்விகள்.

எப்போதிலிருந்து? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேட்டின்படி, சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். 35 வயது வரை ஒழுங்காக இருந்துவிட்டுப் போன வருடம்தான் எல்லாம் மறக்கத் தொடங்கியது என்றால், காரணம் வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வேறு காரணத்தையும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

எங்கெல்லாம்? அலுவலகத்தில் மட்டும் கவனம் சிதறுகிறது, வீட்டிலும் நண்பர்களிடமும் எல்லாம் சரி என்றால், பிரச்சினை அந்த வேலையிலோ மேலதிகாரியிடமோ இருக்கலாம். குறைந்தது இரண்டு இடங்களிலாவது இது தெரிய வேண்டும்.

என்ன விலை கொடுத்திருக்கிறீர்கள்? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது. சாவியைத் தொலைப்பது விலை ஆகாது. கையில் பணம் இருந்தும் கட்ட மறந்து வருடாவருடம் அபராதம் கட்டுவது விலை. கடைசி இரவில் உயிரைக் கொடுத்து முடித்து மறுநாள் சுருண்டு விழுவதையே வேலை செய்யும் முறையாக வைத்திருப்பது, நெருங்கியவர் பேசிக்கொண்டிருக்கும்போது மனம் நழுவி "நீ என்னை மதிப்பதே இல்லை" என்று கேட்க வேண்டியிருப்பது, யோசிக்காமல் வேலையை விடுவது, கடன், வாகன விபத்து, இவையெல்லாம் விலை. அபராதச் சீட்டுகளை எடுத்து அடுக்கிப் பார்த்த ஒரு நாளில்தான் எனக்கு முதன்முதலாக உறைத்தது.

டிஎஸ்எம்-5 கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகளையும், மிகைச்செயல்பாடு, அவசர உந்துதல் இரண்டுக்கும் சேர்த்து 9 அறிகுறிகளையும் பட்டியலிடுகிறது. 17 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு ஏதாவது ஒரு பட்டியலில் 5 இருந்தால் போதும். குழந்தைகளுக்கு 6 வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். முதல் பட்டியல் மட்டும் பொருந்துபவர்கள் நிறையப் பேர். சிறு வயதில் யாரையும் தொந்தரவு செய்யாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இவர்கள். வகுப்பைக் கலவரப்படுத்தாததால் யார் கண்ணிலும் படவில்லை. பெண்கள் பலருக்குத் தாமதமாகத் தெரியவருவதற்கு இது ஒரு பெரிய காரணம். இன்னொரு காரணம், குறையை மறைக்க அவர்கள் படும் பாடு: மூன்று முறை சரிபார்ப்பது, ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நிற்பது, இரவெல்லாம் விழித்து ஈடுகட்டுவது. இப்படிப்பட்ட பெண்ணுக்கு முதலில் பதற்ற நோய், மனச்சோர்வு என்ற பெயர்கள்தான் கிடைக்கும். சில சமயம் தன் குழந்தைக்குப் பரிசோதனை செய்யப்போன இடத்தில்தான் தாய்க்குத் தன் கதை புரியும்.

நன்றாகப் படித்தவர்களுக்கும் இது உண்டு. புத்திக்கூர்மை பல வருடம் முட்டுக்கொடுத்துத் தாங்கும். வீட்டை விட்டுத் தனியே போகும்போது, குழந்தை பிறக்கும்போது, பதவி உயர்ந்து பத்துப் பேரைக் கட்டி மேய்க்க வேண்டி வரும்போது அந்த முட்டு சரியும்.

படி 2: ஆறு கேள்விகள்

உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட ஏஎஸ்ஆர்எஸ் என்ற கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. மொத்தம் 18 கேள்விகள். முதல் 6 கேள்விகள் வடிகட்டி. வேலையின் கடைசிச் சில்லறைப் பகுதியை முடிக்கச் சிரமப்படுகிறீர்களா, நிறைய யோசிக்க வேண்டிய வேலையைத் தள்ளிப்போடுகிறீர்களா என்ற ரீதியில் போகும். இலவசமாகவே கிடைக்கும், ஐந்து நிமிடம் போதும். அந்த ஆறில் நான்கோ அதற்கு மேலோ குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் முறையான மதிப்பீட்டுக்குப் போவது நல்லது என்று அர்த்தம்.

அவ்வளவுதான் அர்த்தம். தூக்கம் கெட்டவர், மனச்சோர்வில் இருப்பவர், கடும் பதற்றத்தில் இருப்பவர் எல்லாரும் இதில் உயர்ந்த மதிப்பெண் வாங்கலாம். நிரப்பிய தாளைப் பத்திரமாக வையுங்கள், மருத்துவரிடம் காட்டலாம். ஒரு நிமிடக் காணொளிகளைப் பார்த்து உறுதிசெய்துகொள்வதை மட்டும் நிறுத்துங்கள். அவற்றிலிருந்துதான் பலருக்குச் சந்தேகமே வருகிறது, எனக்கும் அப்படித்தான், அதற்கு நன்றி. ஆனால் மதிப்பீடு என்பது வேறு.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, விழுந்தவன் சொல்கிறேன். ஏடிஎச்டியைப் பற்றிப் படிப்பதே சுவாரசியமான புதுப் பைத்தியமாகிவிடும். ஆறு மாதம் ஆய்வுக் கட்டுரைகளாகப் படித்துத் தள்ளினேன், அந்த ஆறு மாதத்தில் மருத்துவமனைக்கு ஒரு முறைகூடத் தொலைபேசவில்லை. கேள்வித்தாளை நிரப்பிய அன்றே நான்காம் படியில் சொல்லியிருக்கும் தொலைபேசி அழைப்பைச் செய்துவிடுங்கள். பல இடங்களில் காத்திருப்பு நீளமாக இருக்கும். மூன்றாம் படியைக் காத்திருக்கும் நாள்களில் செய்துகொள்ளலாம். ஆமாம், வரிசை மாறுகிறது. நமக்கு இதுதான் சரிப்படும்.

படி 3: ஒரு பக்கத்தில் உங்கள் கதை

மருத்துவர் கேட்கும்போது நமக்கு ஒன்றுமே ஞாபகம் வராது. "கவனம் சிதறும் என்கிறீர்களே, ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்றால் வாயடைத்துப்போவோம். வாழ்க்கை முழுவதும் உதாரணம்தான், எதைச் சொல்வது? அதனால் எழுதிக்கொண்டு போவது கட்டாயம். உட்கார்ந்து எழுத வரவில்லை என்றால் நினைவு வரும்போதெல்லாம் கைபேசியில் குரல் பதிவாகப் போட்டுவையுங்கள். பிறகு யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சுருக்கலாம்.

அந்தப் பக்கத்தில் பாதி சிறு வயதாக இருக்கட்டும். பழைய மதிப்பெண் அட்டைகள் கிடைத்தால் தங்கம். மதிப்பெண் எனக்கு உதவவில்லை, ஓரத்தில் ஆசிரியர் எழுதிய வரிதான் உதவியது. "திறமை உண்டு, கவனம் போதாது", "வகுப்பில் கனவு காண்கிறான்", "அவசரத்தில் தவறு செய்கிறான்" என்று வெவ்வேறு கையெழுத்தில் வருடாவருடம் ஒரே விஷயம் எழுதியிருந்தது. அட்டை இல்லாவிட்டால் பெற்றோரையோ மூத்த உடன்பிறப்பையோ கேளுங்கள். "எனக்கு ஏடிஎச்டி இருந்ததா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்பார்கள். "நான் சின்ன வயதில் வீட்டுப்பாடம் எப்படிச் செய்வேன்? எதை எதைத் தொலைத்தேன்? எதற்குத் திட்டு வாங்குவேன்?" என்று கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே பத்துக் கதை சொல்வார்கள்.

மீதிப் பாதியில் இப்போதைய நிலை: வேலை, பணம், உறவு, வீடு ஒவ்வொன்றிலும் உண்மையாக நடந்த ஒரு சம்பவம். கீழே தூக்கம், குடும்பத்தில் யாருக்காவது இதயநோயோ இளவயதில் திடீர் மரணமோ இருந்ததா, இப்போது சாப்பிடும் மருந்துகள், குடி, புகை, வேறு போதைப் பழக்கங்கள். கடைசியில் சொன்னதை மறைக்க வேண்டாம். தன்னையறியாமல் ஏடிஎச்டிக்கு வைத்தியம் பார்த்துக்கொள்வதாகவும் அது இருக்கலாம், எழுதப்போகும் மருந்தோடு மோதவும் செய்யலாம்.

படி 4: யாரிடம் போவது

மனநல மருத்துவர் மதிப்பிடவும் செய்வார், மருந்தும் எழுதுவார். மருத்துவ உளவியலாளர் விரிவாக மதிப்பிட்டுப் பேச்சு சிகிச்சை தருவார். பெரும்பாலான நாடுகளில் மருந்து எழுத முடியாது. சில நாடுகளில் குடும்ப மருத்துவர் மூலமாகத்தான் நிபுணரிடம் போக முடியும். உங்கள் இடத்தில் எது வழியோ அதில் தொடங்குங்கள்.

நேரம் கேட்கும்போதே ஒரு கேள்வி: "டாக்டர் பெரியவர்களுக்கு ஏடிஎச்டி பார்ப்பாரா?" தயங்காமல் கேளுங்கள், ஏனென்றால் எல்லா மனநல மருத்துவர்களுக்கும் இதில் பழக்கம் இருப்பதில்லை. நான் முதலில் போன மருத்துவர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். "பட்டம் வாங்கியிருக்கிறீர்கள், வேலையில் இருக்கிறீர்கள், உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்றார். அந்தப் பட்டத்தை எத்தனை பேர் இழுத்துப் பிடித்து வாங்க வைத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டேன். உங்களுக்கு அப்படி நடந்தால் இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் ஒரு மருத்துவர் உங்களை விரிவாக விசாரித்துவிட்டு, காரணம் சொல்லி, "இது ஏடிஎச்டி இல்லை, இன்னது" என்றால் அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். வேண்டிய பதில் கிடைக்கும் வரை மருத்துவரை மாற்றிக்கொண்டே போவது வேறு கதை.

தொலைபேசியில் பேசுவதே மலையாக இருந்தால், வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கூப்பிடுங்கள். அல்லது அவரையே கூப்பிடச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நேரம் கிடைத்ததும் முந்தைய நாள் ஒன்று, கிளம்ப வேண்டிய நேரத்துக்கு ஒன்று என இரண்டு அலாரம். சந்திப்பு நேரத்துக்கு அலாரம் வைத்தால் வீட்டிலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

படி 5: மதிப்பீட்டில் என்ன நடக்கும்

பெரும்பாலும் பேச்சுதான். சிறு வயது, படிப்பு, வேலை, உறவுகள் என்று துருவிக் கேட்பார்கள். சிலர் டிவா-5 போன்ற கட்டமைக்கப்பட்ட நேர்காணலைப் பயன்படுத்துவார்கள். அதில் 18 அறிகுறிகளையும் இப்போது எப்படி, சிறு வயதில் எப்படி என்று இரண்டு முறை கேட்பார்கள். உங்களை நன்கு அறிந்த ஒருவரிடமும் பேச விரும்பலாம். ஒரே அமர்வில் முடியாமலும் போகலாம்.

ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ செய்து ஏடிஎச்டியைக் கண்டுபிடிக்க முடியாது. "மூளையைப் படம் எடுத்து உறுதியாகச் சொல்கிறோம்" என்று யாராவது கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். கணினியில் செய்யும் கவனப் பரிசோதனைகள் துணைக்கு உதவும், தனியாக நின்று எதையும் தீர்மானிக்காது. எனக்கு அந்தப் பரிசோதனையில் நல்ல மதிப்பெண்! புது விளையாட்டு மாதிரி இருந்தது, இருபது நிமிடம் கண் இமைக்காமல் செய்தேன்.

ஆனால் ரத்தப் பரிசோதனை வேறு காரணத்துக்காக எழுதித் தரலாம். தைராய்டு கோளாறு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, நீண்டகாலத் தூக்கக் குறைவு, மனச்சோர்வு, பதற்றம், இருதுருவக் கோளாறு, பழைய அதிர்ச்சியின் தடம், மாதவிடாய் நிற்கும் பருவத்தின் ஹார்மோன் மாற்றம் என எத்தனையோ விஷயங்கள் கவனத்தைக் கெடுக்கும். சிக்கல் என்னவென்றால் இவற்றில் சில, ஏடிஎச்டிக்குப் பதிலாகவும் இருக்கலாம், ஏடிஎச்டியோடு கூடவும் இருக்கலாம். இருபது வருடம் திட்டு வாங்கியவருக்கு மனச்சோர்வும் சேர்ந்து வந்திருந்தால் ஆச்சரியமில்லை. பொதுவாக எது அதிகமாக வாட்டுகிறதோ அதை முதலில் கவனிப்பார்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் இருந்தால் இந்தப் படிகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இன்றே மருத்துவரிடமோ அவசர உதவி எண்ணிலோ சொல்லுங்கள்.

படி 6: மருந்து

இந்தப் படியில்தான் பயமும் அதிகம், மிகையான எதிர்பார்ப்பும் அதிகம்.

மருந்துகள் இரண்டு வகை. முதல் வகை ஊக்கி மருந்துகள்: மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் குடும்பத்தைச் சேர்ந்த லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் போன்றவை. மெத்தில்ஃபெனிடேட்டை 1944-ல் லியாண்ட்ரோ பானிஸான் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். மனைவி ரீட்டாவின் பெயரில்தான் அதற்கு ரிட்டலின் என்று பெயர் வந்தது. அதாவது இவை பல பத்தாண்டுகள் பயன்பட்டுச் சோதிக்கப்பட்ட மருந்துகள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு முதல் மருந்தாக இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறது. எல்லா நாடுகளிலும் இரண்டும் கிடைப்பதில்லை.

மூளையில் டோபமின், நார்எபிநெஃப்ரின் இரண்டின் செயலையும் இவை கூட்டுகின்றன. சாப்பிட்ட ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் வேலை தெரியும். சாதாரண மெத்தில்ஃபெனிடேட் நான்கு மணி நேரம் போலத் தாங்கும், மெதுவாகக் கரையும் வகைகள் எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் தாங்கும். சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றி, உங்களுக்குப் பொருந்தும் அளவைக் கண்டுபிடிப்பார்கள். உடல் எடையைப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆகவே முதல் சில வாரம் தினமும் ஒரு வரி குறிப்பு எழுதுவது உதவும்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், எப்போது பிடித்தது, எப்போது இறங்கியது, பசி, தூக்கம், எரிச்சல்.

பக்கவிளைவுகளில் பசியின்மையும் தூக்கம் தள்ளிப்போவதும் பரவலானவை. வாய் வறட்சி, தலைவலி, படபடப்பு வரலாம். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்று ஏறலாம், அதனால்தான் மருந்துக்கு முன்பும் இடையிடையேயும் அளக்கிறார்கள். இதயநோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய், முன்பு வந்துபோன மனப்பிறழ்வு அல்லது அதீத மன எழுச்சி, கர்ப்பம் அல்லது அதற்கான திட்டம், இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதல் வாரங்களில் காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் படபடப்பு எதனால் என்றே தெரியாது.

"அடிமையாகிவிடுவோமா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். எழுதிக்கொடுத்த அளவில், வாய்வழியாக, கண்காணிப்போடு எடுப்பவருக்கு அந்த ஆபத்து குறைவு. அளவு மீறி எடுப்பதும் வேறு விதமாகப் பயன்படுத்துவதும் ஆபத்துதான். ஐநாவின் 1971 உடன்படிக்கையில் மெத்தில்ஃபெனிடேட்டும் ஆம்ஃபெட்டமினும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களாகப் பட்டியலிடப்பட்டிருப்பதும் அதனால்தான். நண்பனுக்கு ஒரு மாத்திரை கொடுப்பதுகூடச் சட்டப்படி குற்றமாகலாம். வெளிநாடு போகும்போது மருந்துச் சீட்டை உடன் வையுங்கள்; போகிற நாட்டில் அந்த மருந்துக்கு அனுமதி உண்டா என்று முன்பே விசாரியுங்கள்.

இரண்டாவது வகை ஊக்கி அல்லாதவை. முக்கியமானது அட்டோமாக்செட்டின். தினமும் சாப்பிட வேண்டும், முழுப் பலன் தெரிய ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். இரண்டாவது வாரமே "ஒன்றும் வேலை செய்யவில்லை" என்று நிறுத்துபவர்கள் நிறைய. பொறுமையின்மைதானே நம் நோய்! குமட்டல், வாய் வறட்சி, சிறுநீர் கழிக்கச் சிரமம், பாலியல் சிக்கல்கள் வரலாம். சில மனச்சோர்வு மருந்துகள், உதாரணமாக ஃப்ளூவாக்செட்டின், பராக்செட்டின், இதன் அளவை உடலில் ஏற்றிவிடும். கல்லீரல் பாதிப்பு மிக அபூர்வம். ஆனாலும் கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். மனநிலை திடீரென்று மாறினாலும் அப்படியே.

முதல் மருந்து பொருந்தாவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மெத்தில்ஃபெனிடேட் பிடிக்காதவருக்கு மற்றது பிடிக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பொருந்தியது.

முதல் மாத்திரை சாப்பிட்ட நாளைச் சொல்லியே ஆக வேண்டும். மண்டைக்குள் திடீரென்று அமைதி. அந்த அருமையான அமைதியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பத்து வருடத்துப் பழைய மின்னஞ்சல்களை வகைவாரியாகப் பிரித்தேன். முடிக்க வேண்டிய அறிக்கை அப்படியே கிடந்தது. மாத்திரை பிடிக்கும் நேரத்தில் எந்த வேலை முன்னால் இருக்கிறதோ அதில்தான் கவனம் ஒட்டிக்கொள்ளும் என்று அன்று தெரிந்துகொண்டேன். இப்போதெல்லாம் வேண்டிய கோப்பைத் திறந்து வைத்துவிட்டுத்தான் மாத்திரை.

படி 7: மாத்திரைக்கு வெளியே

பெரியவர்களின் ஏடிஎச்டிக்கென்று வடிவமைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இருக்கிறது. சிறு வயது நினைவுகளைத் தோண்டுவது இதில் குறைவு. நேரத்தைத் திட்டமிடுவது, பெரிய வேலையைத் துண்டாக்குவது, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற பழைய பேச்சை எதிர்கொள்வது என்று கைத்தொழில் கற்றுக்கொள்வது போல இருக்கும். மருந்தோடு சேர்த்தும் எடுக்கலாம், மருந்து வேண்டாதவரும் எடுக்கலாம்.

இதன் அடிப்படை ஒன்றுதான்: மூளைக்குள் வைத்திருக்க முடியாததை வெளியே வை. நினைவு, நேரம், உந்துதல் மூன்றையும் கண்ணுக்குத் தெரியும் பொருளாக்க வேண்டும். முள் கடிகாரம் எண் கடிகாரத்தைவிட உதவும், ஏனென்றால் மிச்சம் இருக்கும் நேரம் அதில் ஒரு துண்டாகத் தெரியும். சாவிக்கு ஒரே ஆணி. மறக்கக் கூடாத பொருள் கதவுக்குக் குறுக்கே. கட்டணங்கள் எல்லாம் வங்கியிலிருந்து தானாகப் போகட்டும். எனக்கு மிகவும் உதவியது இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்வது. அவர் உதவவே வேண்டாம், தன் வேலையைப் பார்த்தால் போதும். காணொளி அழைப்பில் இருந்தாலும் சரி. ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் என் வரிக் கணக்குகள் எல்லாம் இப்படித்தான் முடிகின்றன.

புது நாட்குறிப்பு, புதுச் செயலி எல்லாம் மூன்று வாரம் பிரமாதமாக ஓடும், அப்புறம் படுத்துவிடும். இது தோல்வி என்று எடுத்துக்கொள்ளாமல், மாற்றுவதையே முறையாக வைத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சி, தூக்கம் பற்றி நீட்டப்போவதில்லை. தூக்கம் கெட்டால் எந்த மருந்தும் பாதிதான் வேலை செய்யும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

படி 8: பெயர் கிடைத்த பிறகு

நிம்மதி வரும் என்று எல்லாரும் சொல்வார்கள், வரும். அதன் பின்னாலேயே ஒரு துக்கமும் வரும். 15 வயதிலேயே தெரிந்திருந்தால் என்ற கணக்கு ஓடத் தொடங்கும், பெற்றோர் மேல் கோபம் வரும். சில மாதம் இருக்கும். யாரிடமாவது பேசுவது நல்லது. வீட்டில் சொல்லும்போது "இனி என் தவறுக்கெல்லாம் இதுதான் காரணம்" என்பது போலக் கேட்டுவிடக் கூடாது. "மறந்துவிடுவேன், அதனால் எழுதி ஒட்டிவை" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அலுவலகத்தில் சொல்வது அவரவர் இடத்தைப் பொறுத்தது. நோயின் பெயரைச் சொல்லாமலேயே "எழுத்தில் கொடுத்தால் நன்றாகச் செய்வேன்", "அமைதியான இடம் வேண்டும்" என்று கேட்கலாம். நான் அப்படித்தான் கேட்டேன், கொடுத்தார்கள்.

மருத்துவரைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அளவு நிலைப்படும் வரை அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு. வருடத்துக்கு ஒரு முறையாவது மருந்து இன்னும் தேவையா, எடை, அழுத்தம், நாடி எப்படி என்று பார்ப்பார்கள். இங்கேதான் கடைசி வழுக்கல். வெளியே வரும் முன்பே, அந்த மேசையில் நின்றபடியே அடுத்த சந்திப்புக்கு நேரம் வாங்கிக் கைபேசியில் பதிந்துவிடுங்கள். "வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுச் சொல்கிறேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு வந்தேன். நான்கு மாதம் மருந்தில்லாமல் இருந்தேன்.